சுருட்டுப் பெட்டிக்கு எவ்வளவு ஈரம்? வாசகர் கேள்வி – பதில்

மரத்தில் செய்த சுருட்டுப் பெட்டி, அதாவது ஹியூமிடர் பற்றிய கடிதங்கள் சில மாதங்களாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். கூடவே வரும் செய்முறைத் தாள், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டுக் காற்றையே உலர்த்திவிடும் ஊர்க்காரர்களுக்காக எழுதியது. அதை நம் ஊரில் வரிக்கு வரி பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பாதிக் கடிதங்கள் சாட்சி. புகையிலையின் கேட்டை எந்தப் பெட்டியும் குறைத்துவிடாது. இங்கே பேச்சு பெட்டியைப் பற்றி மட்டும்.

கேள்வி: துபாயிலிருந்து 50 சுருட்டு பிடிக்கும் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. உள்ளே ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, இரண்டு நாள் கழித்துச் சுருட்டை அடுக்கச் சொல்கிறது தாள். அப்படியே செய்யலாமா? (சென்னை, அண்ணா நகர்)

பதில்: துணியைக் கீழே வையுங்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

50 சுருட்டுப் பெட்டியின் உட்புறம் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பானிஷ் சிடார் பலகை 5 மி.மீ. கனம் என்றால் அந்த மரத்தின் எடை சுமார் 400 கிராம். 40 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் கிடந்த மரம், தன் எடையில் 7, 8 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். 70 சதவீதக் காற்றில் அது 13 சதவீதமாகும். வித்தியாசம் 20 கிராம் சொச்சம், அதாவது நான்கு தேக்கரண்டித் தண்ணீர். மரத்துக்கு மொத்தத் தேவையே அவ்வளவுதான். அதை இரண்டு வாரத்தில், காற்று வழியாகக் குடிக்க வேண்டும். ஈரத்துணியால் தேய்த்தால் மேல்பரப்பு மட்டும் சட்டென்று ஊறி நார் எழும்பிச் சொரசொரப்பாகும். உள்மரம் காய்ந்தே இருக்கும். ஒரு பக்கம் ஊறி மறுபக்கம் உலர்ந்த பலகை வளையும். மூடி பொருந்தாத பெட்டிகளில் பல இப்படிக் கெட்டவைதான்.

அடுத்து, உங்கள் பெட்டிக்கு அந்த 20 கிராமும் தேவையா என்றே பார்க்க வேண்டும். சரிபார்த்த ஹைக்ரோமீட்டர், அதாவது காற்றின் ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்றை (எப்படிச் சரிபார்ப்பது என்று அடுத்த பதிலில் இருக்கிறது) வெறும் பெட்டிக்குள் வைத்து மூடி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏசி இல்லாத சென்னை வீட்டில் ஒரு மாதம் கிடந்த பெட்டி பெரும்பாலும் 65க்கு மேல் காட்டும். அது ஏற்கெனவே தயார். அதற்கு எந்தச் சடங்கும் வேண்டாம். 55க்கும் 65க்கும் நடுவே காட்டினால், 69 சதவீத போவேடா பை (ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் அந்த அளவில் நிறுத்தும் உப்புக்கரைசல் பை) இரண்டைப் போட்டு ஒரு வாரம் மூடி வைத்தால் போதும்.

55க்குக் கீழே என்றால்தான் முழு முறை. சுலபமான வழி, மரத்தைப் பழக்குவதற்கென்றே வரும் 84 சதவீத போவேடா பை. 25 சுருட்டுக் கொள்ளளவுக்கு 60 கிராம் பை ஒன்று என்ற கணக்கில் உங்களுக்கு இரண்டு வேண்டும். தட்டுகளையும் தடுப்புப் பலகைகளையும் உள்ளேயே விட்டு மூடி, 14 நாள் திறக்காதீர்கள். பை கிடைக்காவிட்டால் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மி.லி. காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அதில் புதிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைப் போட்டு, பிளாஸ்டிக் தாள் மேல் வைத்து மூடுங்கள். தண்ணீர் மரத்தைத் தொடக்கூடாது.

முதல் நாளே மீட்டர் 80ஐத் தாண்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அது காற்றின் கணக்கு. மரம் இன்னும் குடிக்கத் தொடங்கியிருக்காது. நான்காம் நாள் கிண்ணத்தைப் பார்த்து, வற்றியிருந்தால் ஊற்றுங்கள். ஏழாம் நாள் கிண்ணத்தை எடுத்துவிட்டு, வெறும் பெட்டியை 48 மணி நேரம் மூடி வையுங்கள். அதன் பிறகு மீட்டர் 65 முதல் 72க்குள் நின்றால் மரம் பழகிவிட்டது. 62க்குக் கீழே இறங்கினால் இன்னொரு நான்கு நாள். 74க்கு மேல் நின்றால் ஏசி அறையில் ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். சுருட்டை அதற்குப் பிறகு அடுக்கலாம். காய்ந்த மரத்தில் அடுக்கினால் அந்த நான்கு தேக்கரண்டியை மரம் சுருட்டிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: பெட்டியின் முகப்பில் பித்தளை வட்டத்தில் முள் மீட்டர் ஒன்று இருக்கிறது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் 70தான். நம்பலாமா? (திருப்பூர்)

பதில்: அழகுக்கு வைத்திருக்கிறார்கள், இருக்கட்டும். முள் மீட்டர்களில் 10 புள்ளி தவறு சர்வசாதாரணம். டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். அதையும் உப்பு வைத்துச் சோதித்த பிறகே நம்புங்கள்.

தண்ணீர் பாட்டில் மூடியில் முக்கால் அளவு தூள் உப்பு எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். பதம் முக்கியம். அலை வந்து போன மணல் மாதிரி நனைந்திருக்க வேண்டும். மேலே தண்ணீர் மிதக்கக் கூடாது, உப்பு முழுக்கக் கரையவும் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, கொஞ்சம் காற்றோடு மூடி, வெப்பம் மாறாத இடத்தில் 12 மணி நேரம் விடுங்கள். ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது. ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். இது அதன் இயல்பு. மீட்டர் 71 காட்டினால் இனி எப்போதும் 4 கூட்டிப் படிக்க வேண்டும். பெட்டியின் மூடிமேல் எழுதி ஒட்டிவையுங்கள், மறந்துபோகும்.

கல்லுப்பைப் பயன்படுத்த வேண்டாம். சுத்திகரிக்காத கடலுப்பில் மக்னீசிய உப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அது சோதனையைச் சற்றுக் கீழே இழுத்துவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி நீர்த்துப்போவதும் இதே மக்னீசியத்தால்தான். சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்.

கேள்வி: பெட்டிக்கு ஈரம் ஊட்டும் கருவியில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? நண்பர் கிளைக்கால் கலக்கச் சொல்கிறார். (மதுரை)

பதில்: ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்புகள் மிச்சமிருக்கும். தண்ணீர் ஆவியாகப் போகப் போக அவை ஸ்பாஞ்சுக்குள் தங்கி நுண்துளைகளை அடைக்கும். குழாய்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும் இன்னும் மோசம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன் போதும். மருந்துக் கடையிலும் கிடைக்கும். கேன்மேல் தண்ணீர் என்றுதான் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரிக் கடையில் ஆசிடும் அதே மாதிரிக் கேனில்தான் இருக்கும்.

நண்பர் சொல்வது புரொப்பிலீன் கிளைக்கால். பெட்டியோடு வரும் ஈரக் கருவிக்குள் இருக்கும் பச்சை நுரைக்கட்டிக்குப் பாதிக்குப் பாதி தண்ணீரும் அதுவும் கலந்து ஊற்றுவது பழைய வழக்கம். பூஞ்சையைத் தடுக்கும், ஈரம் மிஞ்சினால் கொஞ்சம் திருப்பி உறிஞ்சும். 70இல் அப்படியே நிறுத்திவிடும் என்று பாட்டிலில் போட்டிருப்பது மிகை. புதிதாக ஊற்றிய கலவை 75ஐயும் தாண்ட விடும். தண்ணீர் கொஞ்சம் ஆவியான பிறகுதான் 70க்கு வரும். 50 சுருட்டுப் பெட்டியின் கருவிக்கு 15 மி.லி. போதும். ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, சொட்டுவதைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அடுத்தடுத்த முறை வெறும் தண்ணீர்தான். ஒவ்வொரு தடவையும் கலவையையே ஊற்றினால், ஆவியாகாத கிளைக்கால் உள்ளே சேர்ந்து தண்ணீரை வெளியே விடாமல் செய்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் வெறுமனே "கிளைக்கால்" என்று கேட்டால் கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். அது எத்திலீன் கிளைக்கால், நஞ்சு. உணவு அல்லது மருந்துத் தரப் புரொப்பிலீன் கிளைக்கால் என்று லேபிளில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஈரம் காக்கும் சிலிக்கா மணிகளோ போவேடா பையோ வைத்திருப்பவர்களுக்குக் கிளைக்காலே கூடாது. மணியின் துளைகளை அது அடைத்துவிடும். பைக்கு எதையுமே ஊற்ற வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஆசாரி தேக்கில் பெட்டி செய்து தருகிறேன் என்கிறார். ஸ்பானிஷ் சிடார்தான் வேண்டுமா? (கோயம்புத்தூர்)

பதில்: வெளிக்கூடு தேக்கில் இருக்கலாம், நன்றாகவே இருக்கும். உள்ளே வேண்டாம். தேக்குக்குச் சொந்த எண்ணெயும் வாசனையும் உண்டு. புகையிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். தேவதாரு அதைவிட மோசம். "சிடார் என்றால் தேவதாருதானே" என்று மரக்கடையில் சொல்வார்கள். ஸ்பானிஷ் சிடாருக்கு அந்தப் பெயர் மட்டும்தான் சிடார். அது வேப்பங் குடும்பத்து மரம். கரீபியத் தீவுகளிலும் நடு, தென் அமெரிக்காவிலும் வளர்வது. ஈரத்தை நிறைய வாங்கி மெதுவாகக் கொடுக்கும், ஈரம் ஏறி இறங்கும்போது அதிகம் வளையாது, வாசனை சுருட்டோடு ஒத்துப்போகும். 2020 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் பலகையாக இறக்குமதி செய்யக் காகிதம் வேண்டும்.

நம் பக்கத்திலேயே அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று இருக்கிறது: சந்தன வேம்பு. தாவரவியலில் முன்பு இரண்டையும் செட்ரிலா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். இந்தியாவில் சுருட்டுப் பெட்டி செய்ய அந்தக் காலத்திலேயே பயன்பட்ட மரம்தான். நன்றாகக் காய்ந்த, பிசின் கசியாத பலகை கிடைத்தால் தாராளமாக உள்ளே போடலாம்.

ஆசாரியிடம் சொல்ல வேண்டியவை: வெளிக்கூட்டுக்கு 15 மி.மீ., உள்பலகைக்கு 6 மி.மீ. உள்பலகையைப் பசை போட்டு ஒட்டக்கூடாது. இறுக்கமாகச் செருகி நிறுத்த வேண்டும். காரணம், 20 செ.மீ. அகலப் பலகை ஈரம் ஏறினால் குறுக்குவாட்டில் ஒன்றரை முதல் 2 மி.மீ. வரை அகலும். ஒட்டிவிட்டால் அது அகல இடமில்லாமல் வெளிக்கூட்டின் மூலையைப் பிளக்கும். அடிப்பலகைக்கு இரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். பக்கப் பலகைகள் வெளிக்கூட்டின் விளிம்பைவிட 4 மி.மீ. உயர்ந்து நிற்கட்டும். அந்த உதட்டின் மேல்தான் மூடி உட்காரும், காற்று அங்கேதான் தடைபடும். இரும்பு ஆணி கூடாது, ஈரத்தில் துருப்பிடித்து மரத்தில் கறை இறங்கும். பித்தளைத் திருகு போடச் சொல்லுங்கள். உள்ளே பாலிஷ், வார்னிஷ், மெழுகு எதுவும் வேண்டாம். வெளியே அடித்த பாலிஷ் வாசனை போக மூன்று, நான்கு வாரம் திறந்தே வையுங்கள். பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் விலை குறைவு என்று ஆசைகாட்டும். வெட்டிய விளிம்பில் ஈரம் இறங்கினால் எம்.டி.எஃப். ஊதிவிடும், இரண்டிலுமே பசை வாசனை பல மாதம் போகாது.

கேள்வி: ஐப்பசி பிறந்ததும் மீட்டர் 78 காட்டுகிறது. ஈரக் கருவியில் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டேன், குறையவில்லை. அரிசி போடலாமா? (புதுச்சேரி)

பதில்: அரிசி உப்பு ஜாடிக்குச் சரி. இங்கே போட்டால் கொஞ்ச நாளில் அரிசி வண்டும் சேர்ந்து குடிவரும்.

வடகிழக்குப் பருவமழையில் கடற்கரை ஊர்களில் வெளிக்காற்றே 80, 85 சதவீதத்தில் நிற்கும். மரப்பெட்டி மூச்சுவிடும் பொருள். மெல்ல அந்த அளவை நோக்கித்தான் போகும். நம் ஊரில் பெட்டிக்கு ஈரம் ஊட்டும் வேலை கொஞ்சம், ஈரத்தை வாங்கும் வேலை அதிகம். ஆகவே நுரைக்கட்டியை எடுத்தே விடுங்கள். கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த பொருளைப் போடுங்கள்: 65 சதவீத உப்புக்கரைசல் பை இரண்டு, அல்லது 65க்குப் பக்குவப்படுத்திய சிலிக்கா மணி. பை ஈரத்தை உறிஞ்சித் தொளதொளவென்று ஊதினால் அதன் கொள்ளளவு முடிந்தது, மாற்றுங்கள். உள்ளே கரகரவென்று உப்புக்கட்டி தட்டுப்பட்டால் காய்ந்துவிட்டது, அப்போதும் மாற்றுங்கள். மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் கூடாது. அதற்கு 65இல் நிறுத்தத் தெரியாது, கிடைத்ததையெல்லாம் உறிஞ்சும்.

ஈரப்பதத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது வெப்பம். சுருட்டுக்கு 18 முதல் 21 டிகிரி உகந்தது, 24 வரை பொறுக்கலாம். 30 டிகிரியில் 70 சதவீதமுள்ள காற்றைக் குளிர்வித்தால் 24 டிகிரிக்கு அருகிலேயே பனி துளிர்க்கும். ஏசி இல்லாத கூடத்தில் திறந்து புழங்கிவிட்டு அப்படியே குளிர்ந்த படுக்கையறைக்குக் கொண்டுபோனால் மூடியின் கண்ணாடியில் முத்து முத்தாக நீர் நிற்பது இதனால்தான். ஒரே அறையில் வையுங்கள், அந்த அறையிலேயே திறந்து மூடுங்கள்.

கேள்வி: இரவு மட்டும் ஏசி. பகலில் அறை 31 டிகிரி. மீட்டர் தினமும் ஏறி இறங்குகிறது. (சென்னை, வேளச்சேரி)

பதில்: நிறைந்த பெட்டியில் வெப்பம் ஏறினால் புகையிலையும் மரமும் கொஞ்சம் ஈரத்தைக் காற்றில் விடும், மீட்டர் இரண்டு, மூன்று புள்ளி ஏறும். இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதைத் துரத்தாதீர்கள். நாள்தோறும் மீட்டரைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் கூட்டிக் குறைக்கிறவர்களின் பெட்டிதான் சீக்கிரம் கெடுகிறது.

ஏற்ற இறக்கத்தைக் குறைக்க, பெட்டியை ஒரு தெர்மோகோல் ஐஸ் பெட்டிக்குள் வைத்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் கீழ்த்தட்டில் தள்ளுங்கள். சூடு கீழே குறைவு. மே மாதத்தில் இதுவும் போதாது. நிறையச் சுருட்டு வைத்திருப்பவர்கள் சிறிய ஒயின் கூலரில் 19 டிகிரி வைத்து, அதற்குள் மரத்தட்டும் பையும் போட்டுக்கொள்கிறார்கள். கம்ப்ரசர் இல்லாத வகை காற்றை அதிகம் உலர்த்தாது. ஆனால் அறை வெப்பத்திலிருந்து பத்து, பன்னிரண்டு டிகிரிதான் அதனால் இறக்க முடியும். சாதாரண ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். காற்று வறண்டுபோகும், போதாததற்கு நேற்றைய சாம்பார் வாசனை.

கேள்வி: சுருட்டின் பக்கவாட்டில் குண்டூசி குத்தியது போல ஓட்டை. தட்டினால் காபிப்பொடி மாதிரி கொட்டுகிறது. (திருச்சி)

பதில்: சிகரெட் வண்டு. உங்கள் சமையலறையில் மல்லி விதையிலும் மிளகாய் வற்றலிலும் வைக்கும் அதே வண்டுதான். 2, 3 மி.மீ. நீளம், செம்பழுப்பு நிறம், தலையை உள்ளே மடக்கிக் குனிந்த மாதிரி இருக்கும். முட்டை புகையிலையோடே வருகிறது, கண்ணுக்குத் தெரியாது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரமும் அதற்கு மிகப் பிடித்த சூழல். ஏசி இல்லாத அறையில் கவனமாக ஈரம் காக்கும் பெட்டி என்றால் வண்டுக்கு நாமே கட்டிக் கொடுத்த வீடு. முட்டை வண்டாக ஒரு மாதம், ஒன்றரை மாதம் போதும். புழுதான் தின்னும், வெளியேறும் வண்டு போடுவதுதான் அந்த ஓட்டை. ஆகவே ஓட்டை தெரிகிறபோது வேலை முடிந்திருக்கும், பக்கத்துச் சுருட்டிலும் முட்டை இருக்கக்கூடும்.

ஓட்டை விழுந்தவற்றைக் கவரில் கட்டி வீட்டுக்கு வெளியே எறியுங்கள். மீதி எல்லாவற்றையும், ஒன்றுகூட விடாமல், ஜிப் கவரில் போட்டுக் காற்றைப் பிதுக்கி எடுத்து, அதை இன்னொரு கவரில் போடுங்கள். முதல் நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். அடுத்த நான்கு நாள் மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில். பிறகு மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டில். கடைசியாக வெளியே எடுத்து, கவரைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வர அரை நாள் விடுங்கள். படிப்படியாகச் செய்யாமல் நேராக உறைய வைத்தாலோ, குளிரக் குளிரக் கவரைப் பிரித்தாலோ மேல் இலை வெடிக்கும், இல்லையென்றால் பனி படிந்து நனையும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்தட்டு பல வீடுகளில் மைனஸ் 10, 12ஐத் தாண்டுவதில்லை. வெப்பமானி ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள், இல்லாவிட்டால் தெரிந்தவர் வீட்டு டீப் ஃபிரீசரைத் தேடுங்கள்.

அந்த ஒரு வாரத்தில் பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள். பொடியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, மூலைகளைச் சிறு பிரஷ்ஷால் கிளறி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, இரண்டு நாள் திறந்து விடுங்கள். பூச்சி மருந்து அடிக்கவே கூடாது. இனி புதிதாக வாங்குவது எதுவானாலும் ஃபிரீசர் வழியாகத்தான் பெட்டிக்குள் போக வேண்டும்.

கேள்வி: மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. இது முதிர்ந்த சுருட்டின் அடையாளம், நல்லது என்கிறார்களே? (காரைக்குடி)

பதில்: அப்படிச் சொல்லி விற்றுவிட்டார்கள். சுருட்டு எண்ணெய் பூத்து வருவது என்று பெருமையாகப் பேசப்படும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சைதான். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். வட்ட வட்டமாக, பஞ்சு மாதிரி எழும்பி இருந்தால், பச்சையோ நீலமோ கலந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பற்றவைக்கும் முனையில், உள் இலைகளுக்கு நடுவே தெரிந்தால் தூக்கி எறியுங்கள். மேல் இலையில் மட்டும் ஒன்றிரண்டு புள்ளி என்றால் துடைத்துத் தனி டப்பாவில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

பெட்டி மரத்தில் பூசணம் பிடித்திருந்தால், காலி செய்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும் 220ஆம் எண் உப்புத்தாளால் நார் ஓட்டத்தோடு லேசாகத் தேய்த்து, தூசு தட்டி, மறுபடி ஒருமுறை துடையுங்கள். இரண்டு நாள் உலரட்டும், பிறகு ஈரம் பழக்குவதை முதலிலிருந்து தொடங்குங்கள். வாசனை சேர்த்த சானிடைசர், சர்ஜிகல் ஸ்பிரிட், பிளீச்சிங், வினிகர், பாத்திரம் கழுவும் சோப்பு எதுவும் வேண்டாம். வாசனை மரத்தை விட்டுப் போகாது. பழைய நுரைக்கட்டியைக் கழுவிப் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

பூஞ்சை வந்ததன் காரணம் 75க்கு மேல் பல நாள் நின்றதும், பெட்டியைத் தலைதட்ட அடுக்கியதும். 50 என்று போட்டிருந்தால் 35, 40 போதும். நடுவே காற்று நடமாட இடம் வேண்டும்.

கேள்வி: மூடி சரியாக மூடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? (சேலம்)

பதில்: பத்து ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி பிடி இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடம் கசியும் இடம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினால் கசிவு கோடாகத் தெரியும். பின்பக்கம் கசிந்தால் பெரும்பாலும் கீல் திருகு தளர்ந்திருக்கும். கண்ணாடி மூடி என்றால் கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவேதான் பார்க்க வேண்டும்; வெளிப்பக்கமாக நிறமற்ற சிலிக்கோனை மெல்லிய கோடாக இழுத்து, வாசனை போக ஒரு வாரம் திறந்து வையுங்கள். உள் விளிம்பில் வெல்வெட், ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டாதீர்கள், பூசணம் முதலில் அங்கேதான் வரும். முற்றிலும் காற்றுப் புகாமலும் வேண்டாம். மூடியை மேலிருந்து விட்டால் கடைசி ஒரு அங்குலம் தயங்கி, மெத்தென்று உட்கார்ந்தால் சரியான பெட்டி.

கேள்வி: உள் மரத்தில் தேன் துளி மாதிரி பிசுபிசுப்பு. (நாகர்கோவில்)

பதில்: மரத்தின் பிசின். நன்றாகக் காயாத பலகையும் வெப்பமும் சேர்ந்தால் வரும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு எடுத்து, உப்புத்தாள் போடுங்கள். இரண்டு, மூன்று முறை திரும்பி வரும், பிறகு நிற்கும். அதுவரை சுருட்டைச் செலோபன் உறையோடே வையுங்கள். பிசின் பட்ட சுருட்டு தேறாது.

கேள்வி: உறையூர்ச் சுருட்டையும் இதே பெட்டியில் வைக்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். இரு முனையும் வெட்டிய, காரமான நம் ஊர்ச் சுருட்டின் வாசனை மற்றதை ஒரு வாரத்தில் தன் பக்கம் இழுத்துவிடும். அதற்கு 70 சதவீத ஈரமும் தேவையில்லை. மூடியுள்ள தகர டப்பாவில் தனியாக, வெயில் படாமல் வைத்தால் போதும். வாசனை சேர்த்த சுருட்டுகளுக்கும் இதே விதி.

கேள்வி: அப்பாவின் பீரோவில் பழைய சுருட்டுப் பெட்டி கிடைத்தது. சருகாகக் காய்ந்திருக்கிறது. மீட்க முடியுமா? (ஈரோடு)

பதில்: மெல்ல உருட்டிப் பாருங்கள். மேல் இலை வெடித்து உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். முழுசாக இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் 62 சதவீதப் பையோடு மூன்று வாரம், அடுத்து 65இல் மூன்று வாரம், அதன் பின் பெட்டிக்கு. நேராக ஈரமான பெட்டியில் போட்டால், உள் இலை வீங்கி, மெல்லிய மேல் இலையைக் கிழித்துவிடும். ஈரம் திரும்பும், பறந்துபோன எண்ணெய் திரும்பாது. சுவை மட்டமாகத்தான் இருக்கும். பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தீர்கள் என்றால் முயற்சியே வேண்டாம்.

கேள்வி: அந்துருண்டை கூடாது என்றால் வண்டு வராமலிருக்கப் பச்சைக் கற்பூரம், வேப்பிலை? (மயிலாடுதுறை)

பதில்: கற்பூரம் போட்டால் சுருட்டு கோயில் பிரசாதம் மாதிரி மணக்கும், வண்டும் சாகாது. வேப்பிலை காயக் காய ஈரத்தை விட்டு மீட்டரைக் குழப்பும், பூசணத்தையும் கொண்டுவரும். ஃபிரீசர் போதும். பெட்டியைப் பூஜை அறைக்குப் பக்கத்திலும், டிவி மேலும், ஜன்னலோரமும் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து காற்று மாற்றுங்கள், மாதம் ஒருமுறை கீழே இருப்பதை மேலே மாற்றி அடுக்குங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பூட்டு உள்ள பெட்டியாக வாங்குங்கள். பூட்டு இல்லாத பெட்டிக்குப் பீரோவின் உள்ளறை.